பெயர் தெரிந்திருக்க வேண்டிய மாத்திரை



தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு மாதமாக வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. தொண்டைக்குள் ஓயாத குறுகுறுப்பு; ராத்திரி படுத்தால் கூடுகிறது, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. மிளகுக் கஷாயம் போட்டுக் குடித்தாயிற்று, சித்தரத்தையை வாயில் அடக்கிப் பார்த்தாயிற்று. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இருமல் டானிக் பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்தது. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், நெஞ்சு எக்ஸ்ரே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் செய்தாக வேண்டிய காசநோய்ப் பரிசோதனை. எல்லாமே நார்மல். இத்தனைக்கும் நடுவில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

அந்த மாத்திரையின் பெயர் எனலாப்ரில் என்றோ ராமிப்ரில் என்றோ இருந்தால், இருமலுக்கான காரணம் அதுவாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. லிசினோப்ரில், பெரிண்டோப்ரில், கேப்டோப்ரில் எல்லாம் இதே குடும்பம். மருத்துவர்கள் ஏஸ் தடுப்பு மருந்துகள் என்பார்கள். ‘ப்ரில்’ என்று முடியும் பெயரே அடையாளம். இவற்றைச் சாப்பிடும் 100 பேரில் 5 முதல் 20 பேருக்கு இந்த வறட்டு இருமல் வருகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். இதனால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் இருமல் அடங்கிவிடும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும்.

இந்த இருமல் நுரையீரலைக் கெடுப்பதில்லை. கெடுதல் வேறு வழியில் வருகிறது. இருமலுக்குக் காரணம் மாத்திரைதான் என்று தானே கண்டுபிடித்தவர்களில் பலர் டாக்டரிடம் சொல்லாமல் அதை விட்டுவிடுகிறார்கள். இருமல் போய்விடுகிறது, நிம்மதி. ஏறும் பிரஷர் மட்டும் எந்தச் சத்தமும் போடுவதில்லை. செய்ய வேண்டியது எளிது: டாக்டரிடம் போய் இருமலைச் சொன்னால், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் போன்ற ‘சார்ட்டான்’ வகைக்கு மாற்றித் தருவார். அவற்றில் இந்த இருமல் அரிது.

ஆனால் நோயாளிக்கு மாத்திரையின் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே! நம் ஊரில் அது பெரும்பாலும் ‘பிரஷர் மாத்திரை’. விவரமாகச் சொல்பவர் ‘சின்ன வெள்ளை மாத்திரை’ என்பார். இதில் நோயாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து நாளைக்குப் பத்து மாத்திரை கேட்டால் கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறார். பெயர் அச்சிட்ட மூலை கடையிலேயே தங்கிவிடுகிறது. கையில் வருவது பளபளக்கும் வெறும் தகடு. சில இடங்களில் உதிரி மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு, காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று பேனாவால் கோடு மட்டும் போட்டுக் கொடுப்பதும் உண்டு. ஏஸ் தடுப்பு மருந்தைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவதற்கு முதல் தேவை அந்தப் பெயர்தான். ஏனென்றால் இந்த மருந்தின் ஆபத்துகளில் பெரும்பாலானவை மாத்திரைக்குள் இல்லை; அது எதனோடு சேர்கிறது, எந்த நேரத்தில் சேர்கிறது என்பதில் இருக்கின்றன.

எப்படி என்று புரிந்துகொள்ள பிரேசில் வரை போக வேண்டும். அங்கே ஜராராக்கா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தால் ரத்த அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கிவிடும். 1948இல் சாவ் பாலோவில் மவ்ரீசியோ ரோசா இ சில்வா தன் சகாக்களோடு இந்த விஷத்தை ஆராய்ந்தபோது, அது ரத்தத்தில் ஒரு பொருளைக் கிளப்பிவிடுவதைக் கண்டார். ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கும் அந்தப் பொருளுக்கு பிராடிகைனின் என்று பெயர். அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரேரா 1960களில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்: பிராடிகைனினைச் சிதையவிடாமல் காக்கும் சிறு புரதத் துணுக்குகளும் அதே விஷத்தில் இருந்தன. அந்தச் சாற்றை எடுத்துக்கொண்டு அவர் லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே பாக்லே என்ற விஞ்ஞானி அதை ஒரு நொதியின் மீது சோதித்தார். ஏஸ் என்ற அந்த நொதியை லியனார்ட் ஸ்கெக்ஸ் 1956இலேயே அடையாளம் கண்டிருந்தார். ரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உருவாக்குவது அதன் வேலை. பாம்பின் சாறு அந்த நொதியை முடக்கிவிட்டது.

அதாவது ஒரே நொதிக்கு இரண்டு வேலை. குழாயை இறுக்கும் பொருளைச் செய்வது ஒன்று, குழாயை விரிக்கும் பிராடிகைனினைச் சிதைப்பது இன்னொன்று. அதைக் கட்டிப்போட்டால் இரண்டு வழியிலும் அழுத்தம் இறங்கும். அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் மிகேல் ஒண்டெட்டியும் டேவிட் குஷ்மனும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கிடைத்த டெப்ரோடைட் ஊசியாக மட்டுமே வேலை செய்தது. வாழ்நாள் முழுக்கத் தினமும் ஊசி போட்டுக்கொள்ள யாரால் முடியும்? நொதியின் வடிவத்தை ஊகித்து, அதன் பள்ளத்தில் பொருந்தும் ஒரு மூலக்கூறை மேசையில் வரைந்தே தேடினார்கள். 1975இல் கேப்டோப்ரில் பிறந்தது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் பின்னே வந்தவை. இன்று கடையில் கிடைக்கும் மாத்திரையில் பாம்பு விஷம் துளியும் கிடையாது. எல்லாமே வேதிக்கூடத்தில் செய்தவை.

இருமலின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. சிதையாமல் தேங்கும் பிராடிகைனின் மூச்சுப் பாதையின் நரம்புகளைச் சீண்டுகிறது.

அதே பிராடிகைனின் மிகச் சிலருக்கு இன்னொன்றும் செய்யும். அதைக் கண்டிப்பாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உதடு, நாக்கு, முகம், தொண்டை திடீரென்று வீங்கும். 1,000 பேரில் ஒருவர் முதல் ஏழு பேர் வரை இதற்கு ஆளாகலாம். பெரும்பாலும் அரிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது. முதல் மாத்திரையிலும் வரலாம், ஐந்து வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் வரலாம். பல வருஷமாக ஒன்றும் செய்யாத மாத்திரை இன்றைக்கா செய்யும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதுதான் இதில் உயிருக்கு ஆபத்து. இது வழக்கமான அலர்ஜி இல்லை என்பதால் வழக்கமான அலர்ஜி ஊசிக்கும் சரியாக அடங்காது. நாக்கு வீங்குகிறது, குரல் மாறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் 108ஐ அழைத்து, மூச்சுக் குழாய் போடும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். ஒருமுறை இப்படி வீங்கியவர் ‘ப்ரில்’ என்று முடியும் எதையும் வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது.

இதைக் கேட்டு யாரும் இன்றிரவு மாத்திரையை விட்டுவிடக் கூடாது. 1987இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில், இதயச் செயலிழப்பு முற்றிய 253 ஸ்காண்டிநேவிய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு எனலாப்ரிலும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வெற்று மாத்திரைப் பிரிவில் 44 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். எனலாப்ரில் பிரிவில் 26 சதவீதம். 2000இல் வந்த ஹோப் ஆய்வு, மாரடைப்பு அபாயம் அதிகமுள்ள 9,297 பேரிடம் ராமிப்ரில் உயிர் காப்பதைக் காட்டியது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கினால் சிறுநீரகத்தைக் காக்க முதலில் நினைக்கும் மருந்துகளில் இவையும் உண்டு. விலையும் குறைவு. இவ்வளவு நல்ல மருந்தை அறியாமையால் இழக்கவும் கூடாது, அறியாமையால் ஆபத்தாக்கிக்கொள்ளவும் கூடாது.

சிறுநீரகத்தைக் காக்கும் என்ற அதே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும் சொல்கிறார்களே என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டும் உண்மை. சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒன்று. ஆஞ்சியோடென்சின் 2 வெளிக்குழாயை இறுக்கி உள்ளே அழுத்தத்தை ஏற்றிவைக்கிறது. சர்க்கரை நோயில் வருஷக்கணக்கில் நீடிக்கும் அந்த அதிக அழுத்தமே வடிகட்டியைக் கிழிக்கிறது. ஏஸ் தடுப்பு மருந்து வெளிக்குழாயைத் தளர்த்திவிடுவதால் வடிகட்டி பிழைக்கிறது. மருந்து தொடங்கியதும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறுவது இதனால்தான். முன்பிருந்த அளவில் 30 சதவீதம் வரை ஏறி நின்றுவிட்டால் டாக்டர்கள் மருந்தைத் தொடர்கிறார்கள். அதற்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் தமனிகளில் அடைப்பு இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

இப்போது உடலில் நீர் வற்றிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாந்தி, பேதி, அல்லது சித்திரை வெயிலில் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க வேலை. உள்ளே வரும் ரத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் உடல் வெளிக்குழாயை இறுக்கித்தான் சமாளிக்கும். மருந்து அதற்கு விடாது. கூடவே ஒரு நீர் மாத்திரையும் போய்க்கொண்டிருந்தால் உடல் இன்னும் வற்றும். இந்த நிலையில் மூட்டு வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் போட்டால், அது உள்ளே வரும் குழாயையும் சுருக்கிவிடும். வடிகட்டும் வேலை அப்படியே நின்றுபோகும்.

பிரஷர் மருந்து, நீர் மாத்திரை, வலி மாத்திரை என்ற இந்த மூன்றின் சேர்க்கையை பிரிட்டனில் ஏறத்தாழ 4,87,000 பேரின் மருத்துவப் பதிவுகளில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு 31 சதவீதம் அதிகம். முதல் 30 நாளில் 82 சதவீதம் அதிகம். ஆபத்து சேர்த்த உடனேதான் பெரிது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நாலு நாளைக்குத்தானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது? அறுபது வயது அம்மா மருந்துக்கடைக்குப் போகிறார். “தம்பி, முட்டி வலி உசுரு போகுது, நாலு நாளைக்கு மாத்திரை குடுப்பா” என்கிறார். கடைப் பையன் அட்டையை வெட்டித் தருகிறான். வீட்டுக்கு வந்து யாராவது கேட்டால், “டைக்ளோ இல்ல, பாராசிட்டமால் கலந்ததுதான்” என்கிறார். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதுதான் இங்கே வழக்கம். பாராசிட்டமால் என்ற பெயரைப் பார்த்துத் தைரியம் கொள்கிறார்கள். இப்யூபுரூஃபனுக்கும் இதே கதைதான். உடம்பு வலிக்கு கிளினிக்கில் போடும் ஊசியும் பெரும்பாலும் இந்தக் கூட்டமே. தனிப் பாராசிட்டமால் அளவோடு, மேலே தடவும் களிம்பு, ஒத்தடம், தொடைத் தசைக்கான பயிற்சி ஆகியவை இவர்களுக்கு நல்ல மாற்று. அதற்கு மேல் தேவையென்றால் பிரஷர் மாத்திரை கொடுத்த டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

வாந்தி பேதி வந்த நாளில் என்ன செய்வது என்பதை நோய் வருவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. குடிக்கும் தண்ணீர்கூட உள்ளே நிற்காத நிலையில் ஏஸ் தடுப்பு மருந்தையும் நீர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்திவைத்து, வழக்கம்போல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகு மறுபடி தொடங்கச் சொல்வார்கள் பல டாக்டர்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த முடிவைத் தனியாக எடுக்க வேண்டும். நிறுத்துவதைவிட முக்கியம் மறக்காமல் திரும்பத் தொடங்குவது.

அடுத்தது பொட்டாசியம். ஏஸ் தடுப்பு மருந்து உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடம் மாறும், நின்றும் போகும். அதற்கு முன் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. மிஞ்சினால் கை கால் தளர்ச்சி. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடந்ததை மருத்துவ உலகம் இன்னும் மறக்கவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை இதயச் செயலிழப்பில் உயிர் காக்கிறது என்று 1999இல் ஓர் ஆய்வு வந்தது. உடனே டாக்டர்கள் ஏஸ் தடுப்பு மருந்தோடு அதையும் ஏராளமாக எழுதத் தொடங்கினார்கள். அதுவும் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து. ஆய்வில் நோயாளிகளின் ரத்தத்தை அடிக்கடி பரிசோதித்தார்கள். வெளியில் அந்தக் கவனம் இல்லை. இதய நோயோடு ஏஸ் தடுப்பு மருந்து சாப்பிட்ட முதியவர்களில், பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994இல் 1,000க்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். அதனால் இறந்தவர்கள் 1,000க்கு 0.3இலிருந்து 2 ஆனார்கள். இரண்டும் நல்ல மருந்துகள். இடையில் விட்டுப்போனது சில ரூபாய்ச் செலவில் செய்யக்கூடிய ஒரு ரத்தப் பரிசோதனை.

அதே ஒண்டாரியோவில் இன்னொன்றும் தெரியவந்தது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கும் இவர்களுக்குப் பொட்டாசியத்தை ஏற்றியது. ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு. செப்ட்ரான், பேக்ட்ரிம் என்ற பெயர்களில் நமக்கு நன்கு தெரிந்த மாத்திரை இது.

சமையலறையிலும் ஒரு கண் வேண்டும். பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ஏஸ் தடுப்பு மருந்து சாப்பிடுபவர், அதிலும் சிறுநீரகம் பழுதுபட்டவர், டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. இந்துப்பு வேறு கதை. அதில் இருப்பதும் பெரும்பாலும் சாதாரண உப்பின் சோடியம்தான், எனவே அதைப் போட்டால் பிரஷர் குறையும் என்பது வெறும் நம்பிக்கை. இளநீரில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் எப்போதாவது ஒன்று குடித்தால் குற்றமில்லை. கிரியாட்டினின் ஏறியவருக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் இளநீர் ஆபத்து.

ஆகவே மருந்து தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, தொடங்கி ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் ஒன்று, டோஸ் கூட்டும்போதெல்லாம் ஒன்று, பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது. ‘கிட்னி டெஸ்ட்’ என்று மட்டும் சொன்னால் சில லேப்களில் யூரியாவும் கிரியாட்டினினும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பொட்டாசியமும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள் விஷயத்தில் தயவுதாட்சண்யமே இல்லாத விதி ஒன்று உண்டு. கர்ப்பகாலத்தில் இந்த மருந்து கூடாது. நான்காம் மாதத்திலிருந்து இது குழந்தையின் சிறுநீரகத்தை முடக்கும். சிறுநீர் பிரியாததால் பனிக்குட நீர் வற்றும். நுரையீரல் வளராது, மண்டையோட்டு எலும்புகள் உருவாவதும் குறைபடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1992இலேயே கட்டமிட்ட எச்சரிக்கையைப் போடச் சொன்னது. முதல் மூன்று மாதம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதை ஒரு குழந்தையிடம் சோதித்துப் பார்க்க முடியாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொன்னால் லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று மாற்றிக்கொடுப்பார். தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டே கர்ப்பமானால் பதறாமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். முப்பது வயதில் பிரஷர் வரும் பெண்கள் இன்று அரிதல்ல. அவர்களிடம் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்படும் டாக்டர் அந்தக் கூச்சத்தை விட்டுவிட வேண்டும்.

இரண்டு டாக்டர்களிடம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதய டாக்டர் ராமிப்ரில் எழுதியிருப்பார், சர்க்கரை டாக்டர் டெல்மிசார்ட்டான் எழுதியிருப்பார். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு நன்மை என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். 25,620 பேரிடம் நடந்த ஆன்டார்கெட் ஆய்வு 2008இல் அந்த எதிர்பார்ப்பைத் தகர்த்தது: கூடுதல் பலன் இல்லை, மயக்கமும் சிறுநீரகக் கோளாறும் மட்டும் கூடின. இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சாகுபிட்ரில் கலந்த மாத்திரைக்கு மாறுகிறவர்கள், கடைசி ‘ப்ரில்’ மாத்திரைக்குப் பின் 36 மணி நேரம் இடைவெளி விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த முக வீக்கத்துக்கு வழி திறந்ததாகிவிடும்.

முதல் மாத்திரை போட்ட அன்று சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு அதிகம். குறைந்த டோஸில் தொடங்கி, முதல் மாத்திரையைப் படுக்கப்போகும்போது போட்டு, எழும்போது சற்று உட்கார்ந்து எழுந்தால் போதும். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் மூன்றையும் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ போடலாம். ஒருவேளை விட்டுப்போனால் மறுவேளை இரண்டாகப் போடக் கூடாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் பெண் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். அந்த வீட்டு அம்மாவுக்கு முட்டி வலி இருப்பதும், மருமகள் முழுகாமல் இருப்பதும் டாக்டருக்கு முன் அவருக்குத் தெரியும். ‘ப்ரில்’ மாத்திரை சாப்பிடும் வீடுகளில் அவர் வாசலில் நின்றபடியே நாலு கேள்வி கேட்கலாம்: இருமல் இருக்கிறதா, கடையில் வலி மாத்திரை ஏதாவது வாங்கினீர்களா, இந்த மாதம் வாந்தி பேதி வந்ததா, கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது? பதில்களை நோட்டில் குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனால், யாரை இந்த வாரமே வரச் சொல்ல வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும்.